கோண்ட் ஓவியத்தில் மான் கொம்பு ஏன் மரமாகிறது?

வரைகோல்:
மத்திய இந்தியாவின் கோண்டு பழங்குடி மக்களுடைய கோண்ட் பாணியில் வரையப் பழகுகிறேன். மானின் கொம்பு அப்படியே கிளைவிட்டு மரமாகி அதில் பறவைகள் உட்கார்ந்திருக்கும் படங்கள் நிறைய கண்ணில் படுகின்றன, அதற்கு ஏதாவது கதை உண்டா? அப்புறம், மயில் என்றால் இந்தப் பொருள், மீன்செதில் கோடு என்றால் அந்தப் பொருள் என்று இணையத்தில் ஒரு பட்டியல் சுற்றுகிறதே, அதை நம்பலாமா?

காட்டுக்கோழி:
அந்தப் பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். உள்ளே நிரப்பும் கோடும் புள்ளியும் அகராதி இல்லை, வரைபவரின் கையெழுத்து. ஒருவர் பிறை பிறையாக அடுக்குவார், இன்னொருவர் சங்கிலி மாதிரி கோர்ப்பார், பழகிய கண்ணுக்குப் பெயரைப் பார்க்காமலே யார் வரைந்தது என்று தெரிந்துவிடும். நல்ல படம் ஒன்றைப் பெரிதாக்கி ஒரு பறவையை மட்டும் பாருங்கள். முதலில் உடல் முழுக்க ஒரே நிறம் பூசியிருப்பார்கள், அது காய்ந்த பிறகு கழுத்தில் ஒரு வரிசை, வயிற்றில் வேறு, வாலில் இன்னொன்று என்று மெல்லிய பேனாவால் இழை இழையாக இறங்கியிருப்பார்கள். உருவம் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் இருக்கும், கண் மட்டும் பெரிதாக, வட்டமாக.

சாஜாநிழல்:
கோடுகளுக்கு அகராதி கிடையாது, சரி. ஆனால் மரத்துக்கும் பறவைக்கும் கதை உண்டு, அதையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இதை வளர்த்தவர்கள் பர்தான் கோண்டுகள், அதாவது கோண்டு மக்களின் பாணர்கள். சாஜா மரத்தில், நம் கருமருதின் இனம் அது, அவர்களின் பெருங்கடவுளான படா தேவ் குடியிருக்கிறார் என்பது நம்பிக்கை. பானா என்ற நரம்பு வாத்தியத்தை இசைத்து அவரை எழுப்பிப் பாடுவது பர்தான்களின் வேலை. அதனால் ஓவியத்தில் மரம் வெறும் பின்னணியாக நிற்பதில்லை. இலுப்பையும் அடிக்கடி வரும், அதன் பூவைத் தின்பார்கள், சாராயமும் காய்ச்சுவார்கள்.

பறவை என்றால் எனக்கு முதலில் காகம்தான். எங்கும் தண்ணீராக இருந்தபோது படா தேவ் தன் உடம்பு அழுக்கை உருட்டி ஒரு காகம் செய்து, மண் தேடி வரச் சொல்லி அனுப்புகிறார். அது பறந்து களைத்து ஒரு நண்டின் மேல் உட்கார, அந்த நண்டு மண்ணை விழுங்கி வைத்திருந்த மண்புழுவைப் பிடித்துக் கக்க வைக்கிறது. இந்த மாதிரி கதை தெரிந்தவர் வரைந்த காகத்தில் ஒரு அவசரம் இருக்கும்.

கொம்பு மரமாவதற்கென்று ஒரே ஒரு கதையைத் தேட வேண்டாம். காட்டில் மானும் மரமும் பறவையும் தனித்தனி இல்லை என்று பார்க்கிற கண் அது.

புள்ளிக்காரன்:
ஒரு விஷயம் சேர்க்கிறேன். இதை 'பல்லாயிரம் ஆண்டு மரபு' என்று விற்பவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. சுவரிலும் தரையிலும் காவி, வெள்ளை மண்ணால் போடும் கோலங்கள் பழையவைதான். ஆனால் நாம் காகிதத்திலும் கேன்வாஸிலும் பார்க்கும் இந்த வடிவம் 1980-களில் பிறந்தது. போபாலில் பாரத் பவன் என்ற கலை மையம் 1982-ல் திறந்தது, அதற்காகக் கலைஞர்களைத் தேடிப் போன ஓவியர் ஜெ. சுவாமிநாதனின் குழு திண்டோரி பக்கம் பாட்டன்கர் கிராமத்தில் ஜங்கட் சிங் ஷ்யாம் சுவரில் வரைந்ததைப் பார்த்து அவரை போபாலுக்கு அழைத்தது. 1989-ல் அவர் படங்கள் பாரிஸ் வரை போயின. இந்தப் பாணிக்கே ஜங்கட் கலம், அதாவது ஜங்கட் பாணி, என்று ஒரு பெயர் உண்டு. பின்னால் வந்த பஜ்ஜு ஷ்யாமும் துர்கா பாய் வ்யாமும் பத்மஸ்ரீ வாங்கியவர்கள். ஒரு ஆள் தொடங்கியது என்பதால் மதிப்பு குறைந்துவிடாது, எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியமே.

வரைகோல்:
ரொம்ப நன்றி. அப்படியென்றால் ஒருவருடைய நிரப்பு வரிசையை அப்படியே எடுத்து வரையலாமா கூடாதா?

காட்டுக்கோழி:
கை பழக எவ்வளவு வேண்டுமானாலும் வரையுங்கள். ஆனால் அதை 'அசல் கோண்ட்' என்று சொல்லி விற்க வேண்டாம், மத்தியப் பிரதேச கோண்ட் ஓவியத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. பழகி முடித்ததும் உங்களுக்கென்று ஒரு வரிசை கண்டுபிடியுங்கள். உங்கள் கண்ணில் தினமும் படும் எதிலிருந்தும் எடுக்கலாம், பாய் முடைந்த கோடாக இருந்தால்கூட சரி.