மார்க்கெட்ரி வகுப்பு: சூடு மணலுக்குப் பின் இதழ் சுருங்குகிறது, என்ன வழி?

வணக்கம். மார்க்கெட்ரி (மெல்லிய மரத் தகடுகளை வெட்டிப் பொருத்திப் படம் அமைக்கும் கலை) சொல்லித்தருகிற அனுபவம் உள்ளவர்களிடம் ஒரு யோசனை வேண்டும்.

வேலை இதுதான்: 0.6 மி.மீ. வெனீர் (மெல்லிய மரத் தகடு), வால்நட் மரப் பின்னணியில் மேப்பிள் மரப் பூவிதழ்கள். இரண்டையும் அடுக்கி ஒட்டி, ரம்ப மேசையைச் சாய்த்து ஒரே வெட்டாக அறுக்கிறோம். வெட்டுத் தடம் (ரம்பம் அறுக்கும் கோட்டின் அகலம்) 0.25 மி.மீ. அதை வெனீர் தடிமனால் வகுத்தால் 0.42, அந்த சைன் மதிப்புக்குச் சாய்வு சுமார் 25 பாகை. இதழ் குழியில் கச்சிதமாக உட்காருகிறது. தலைவலி அதற்கப்புறம்தான்.

ஓரத்தைச் சூடு மணலில் சில வினாடி நிறுத்தி, பழுப்பாக்கி நிழல் ஏற்றியதும் ஈரம் போய் இதழ் சுருங்கிவிடுகிறது. நீளவாட்டில் பெரிதாக ஒன்றுமில்லை, நாருக்குக் குறுக்கேதான். அதனால் இரண்டு பக்கவாட்டிலும் கோடு போட்டதுபோல் இடைவெளி. ஈரப் பஞ்சால் ஒற்றினால் ஓரளவு மீள்கிறது. கருகிய ஓரம் மீளாது, விரல் பட்டாலே உதிரும். மணல் அதிகம் சூடானால் மேற்பரப்பு மட்டும் கருகி, பின்னால் தேய்க்கும்போது நிழலே போய்விடும். சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டினால் பழுப்பு உள்வரை இறங்கும், ஆனால் சுருக்கமும் கூடும். துண்டு வெனீரில் சோதித்துப் பார்க்கச் சொல்லியும் புதியவர்களுக்குக் கை படிய நாளாகிறது.

முதலில் நிழல் ஏற்றி, ஈரம் மீண்ட பிறகு அந்த இதழையே அச்சாக வைத்துப் பின்னணியைக் கத்தியால் வெட்டினால் புதியவர்களுக்குச் சரிவருமா? கூரான முனைகளில் வால்நட் பிளக்குமே என்றுதான் தயக்கம். பின்புறம் காகித நாடா ஒட்டினால் போதுமா?

இன்னொன்று: படாக் என்ற சிவப்பு மரம் சேர்த்த படங்களில் சிவப்புத் தூள் மேப்பிளில் ஏறுகிறது. தேய்க்குமுன் ஷெல்லாக் (அரக்கு மெருகு) ஒரு கை பூசுகிறோம். உப்புத்தாளை விட்டுவிட்டு இழைப்புத் தகட்டாலேயே (மேற்பரப்பைச் சுரண்டும் எஃகுத் தகடு) முடிப்பவர்கள் இருக்கிறீர்களா?