குளோசபின்: இரவில் எச்சில் வடிவதற்கு என்ன செய்கிறீர்கள்?

வணக்கம். வீட்டில் குளோசபின் (மனச்சிதைவு நோய்க்கான மருந்து) எடுப்பவருக்கு இரவில் எச்சில் வடிந்து தலையணை நனைகிறது. தூக்கத்தில் விழுங்குவது குறைவதால், தலைமாட்டை உயர்த்தி ஒருக்களித்துப் படுக்க வைக்கிறோம். பகலில் சர்க்கரையில்லாத சூயிங்கம் போதுமானதாக இருக்கிறது.

மருத்துவர் சொல்லி, 1% அட்ரோபின் கண் சொட்டு மருந்தைப் படுக்கும்முன் நாக்குக்கு அடியில் ஒரு சொட்டு விடுகிறோம். அங்கே எச்சில் தேங்கியிருந்தால் மருந்தும் அதோடு போய்விடும். முதலில் விழுங்கச் சொல்ல வேண்டும். ஆனாலும் பாதி இரவுக்குமேல் பலன் நிற்பதில்லை.

எச்சிலைக் குறைக்கும் கிளைக்கோபைரோலேட் 1 மி.கி. மாத்திரைக்கு மாறியவர்கள் உண்டா? மலச்சிக்கல் கூடியதா? குளோசபினே குடலை மந்தமாக்கும், அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அந்தப் பயம்தான் தடுக்கிறது. மருத்துவரிடம் வேறு என்ன கேட்கலாம், சொல்லுங்கள்.