புதுப்பிப்பு: தாய்க்குக் கொரோனா, குழந்தையைப் பிரிக்க வேண்டுமா?

பிறந்த குழந்தையைத் தொற்றுள்ள தாயிடமிருந்து தனி அறையில் வைக்கச் சொல்லியிருந்தோம். அதைத் திருத்துகிறோம். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமியும் 2020 ஜூலையில் அந்த அறிவுரையை மாற்றிவிட்டது. தாய்க்கு உடல்நிலை இடங்கொடுத்தால் இருவரும் ஒரே அறையில் இருக்கலாம், தாய்ப்பாலும் தரலாம். தொடுமுன் சோப்பு போட்டு 20 விநாடி கை கழுவி, மூக்கும் வாயும் மூடும்படி தாய் மாஸ்க் அணிய வேண்டும். ஒவ்வொரு முறையும் மார்பைக் கழுவத் தேவையில்லை. அதன்மேல் இருமியிருந்தால் மட்டும் கழுவினால் போதும். தயவுசெய்து குழந்தைக்கு மாஸ்க் போடாதீர்கள், மூச்சு அடைக்கும்.

பிறந்தவுடனே சளி மாதிரி எடுத்தால், பிரசவத்தில் ஒட்டிய வைரஸ் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம். அதனால்தான் 2020 அறிவுரையின்படி பிறந்து 24 மணி நேரம் கழித்து முதல் பரிசோதனை செய்தார்கள். அதில் நெகட்டிவ் என்றால் பிறந்து 48 மணி நேரம் ஆனதும் மறுபரிசோதனை செய்தார்கள்.

வீடு திரும்பியபின் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிப் பார்க்கும் வயதல்ல இது.