கண்மாயோட பழைய சாட்டிலைட் படம் பாக்கத் தெரிஞ்சவங்க இருக்கீங்களா?

மேலூர் பக்கம் எங்க ஊரு கண்மாய் எப்ப இருந்து மாற ஆரம்பிச்சுச்சுன்னு வருசவாரியா பாக்கணும் மக்களே. லேண்ட்சாட் சாட்டிலைட் வரிசை 1972ல இருந்து படம் எடுக்குது, சென்டினல்-2 சாட்டிலைட் படம் 2015க்கு அப்புறம் 10 மீட்டர் துல்லியத்துல இருக்கு, எல்லாம் ஃப்ரீதான், ஆனா ஆகாயத்தாமரை, சீமைக்கருவேலம் ரெண்டுமே பச்சையாத் தெரியுது, எப்படிப் பிரிக்கிறது? கோடையில கண்மாய் வத்துனப்புறமும் பச்சையா நின்னா கருவேலம்னு எடுத்துக்கலாமா?

கண்மாய்ல சாக்கடை சேரச் சேர தண்ணி ரொம்ப நாள் தெளிவாவே இருந்துட்டு திடீர்னு பாசிக்கு மாறிடும், அப்புறம் சாக்கடைய நிறுத்தினாலும் அதுல வந்து அடிமண்ணுல தங்குன பாஸ்பரஸ் (பாசிக்கு உரம் மாதிரி) கசிஞ்சுக்கிட்டே இருக்கும், லேசுல திரும்பாது. எங்க கலுங்கு ஓரத்துல இப்பவே பச்சை பெயிண்ட் கணக்கா படியுது, அதான் அவசரம். கூகுள் எர்த் எஞ்சின் (சாட்டிலைட் படத்த ஆன்லைன்லயே அலசிப் பாக்குற தளம்) தெரிஞ்ச அண்ணன், அக்கா யாராச்சும் கமெண்ட்ல சொல்லுங்க, ஞாயித்துக்கிழமைன்னா மதுரைக்கே வந்து கத்துக்கிறேன்.