முக்திநாத்தில் ஓர் இரவல் சைக்கிள்

வெளிநாட்டுக்குப் போன இடத்தில் முன்பின் தெரியாதவர்களோடு மலையில் சைக்கிள் ஓட்டிய கதை இருந்தால் சொல்லுங்கள் என்றதும் ஆளாளுக்கு பாலி, சுவிட்சர்லாந்து என்று எடுத்துவிடுகிறீர்கள். நான் போனது நேபாளம்தான். அதுவும் சைக்கிள் ஓட்டப் போகவில்லை, ஆச்சியைச் சாமி கும்பிடக் கூட்டிக்கொண்டு போனேன். ரோடு வழியாகப் போனால் நமக்கு வாக்காளர் அட்டையே போதும், வாட்சை 15 நிமிடம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் வெளிநாடு வெளிநாடுதானே.

எனக்கு ஊர் செங்கோட்டை. ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கிளம்பி புளியரை, எஸ் வளைவு, கோட்டைவாசல் என்று ஏறி, ஆரியங்காவில் ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டு இறங்கி வருவதுதான் பத்து வருடமாக என் சைக்கிள் வாழ்க்கை. எல்லாமே தார் ரோடு. லாரிக்கு ஒதுங்கத் தெரியும், சாரலில் நனைந்துகொண்டே இறங்கத் தெரியும், ஆடி மாத மேல்காற்றை எதிர்த்து மிதிக்கத் தெரியும். கல்லும் சரளையுமான ஒற்றையடிப் பாதையில் செங்குத்தாக இறங்குவதெல்லாம் மொபைலில் பார்த்ததோடு சரி. இதை உங்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆச்சிக்கு 108 திவ்ய தேசத்தில் வடக்கே சாளக்கிராமம் பாக்கி இருந்தது. முக்திநாத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஊரிலிருந்து 27 பேர். கோரக்பூர் வரை ரயில், சோனாலியில் எல்லை, பொக்காரா, அப்புறம் ஜோம்சோம் வரை எலும்பை எல்லாம் எண்ணிப் பார்த்துவிடும் ஒரு ரோடு. கோயில் 3,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. பின்னால் சுவர் முழுக்க மாட்டுத் தலை வடிவத்தில் 108 தாரை, ஒவ்வொன்றிலும் பனி உருகின தண்ணீர் கொட்டுகிறது. 74 வயது ஆச்சி ஒன்று விடாமல் 108-லும் தலையைக் காட்டிவிட்டு வந்து, "நீ என்னலே கோழி மாதிரி நிக்க?" என்றார். நான் ஒரு தாரையில் விரலை நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்ட ஆள்.

தரிசனம் முடிந்து கீழே ராணிபவுவாவில் ஜீப்புக்குக் காத்திருந்தபோது ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். பக்கத்து மேஜையில் ஒரு வெள்ளைக்காரர் தலையைக் கவிழ்த்துப் படுத்திருக்கிறார், வெளியே சுவரில் ஐந்து மவுண்டன் பைக் சாத்தி வைத்திருக்கிறது, எல்லாமே முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள பெரிய பெரிய வண்டிகள். நான் டீயை விட்டுவிட்டு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், போனில் யாரிடமோ, "என்டெ பொன்னம்மே, எனிக்கு ஒண்ணும் இல்ல, தலவேதன அவனா!" என்று கெஞ்சுகிறது.

திரும்பி, "சேட்டன் நாட்டில் எவிடயா?" என்றேன்.

"புனலூர்."

எனக்கு சிரிப்பு தாங்கவில்லை. செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவில் ஒரு மலையும் ஒரு பதின்மூணு கண் பாலமும்தான். 1956 நவம்பர் 1 வரைக்கும் எங்கள் ஊரே திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது, ஆச்சி படித்த பள்ளிக்கூடத்தில் மகாராஜா படம் தொங்கியதாம். நான் ஊர்ப் பெயரைச் சொன்னதும் அவர் போனை அப்படியே வைத்துவிட்டு, "அய்யோ, நம்ம அண்ணாச்சி!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஜெர்மனியில் நர்ஸாக இருக்கிறாராம். கூட வேலை பார்க்கும் மூன்று பேரோடு லீவில் சைக்கிள் ஓட்ட வந்திருக்கிறார். அதில் ஒருவர்தான் அந்தக் கவிழ்ந்து கிடந்தவர், ஆறடிக்கு மேல் இருப்பார். மலை உயரம் ஒத்துக்கொள்ளவில்லை, காலையிலிருந்து தலைவலி, இரண்டு தடவை வாந்தி. நடை தள்ளாடவில்லை, பேச்சு குழறவில்லை, அதனால் பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் உடனே கீழே இறக்கிவிட வேண்டும், இதற்கு அதுதான் மருந்து என்றார் நர்ஸ். பிரச்சினை என்னவென்றால் அந்த நேரத்துக்கு ஜீப்பில் இடம் இல்லை.

ஆரியங்காவு வரை சைக்கிளில் வருவேன் என்று நான் ஏற்கெனவே பெருமை பேசியிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "அண்ணாச்சி, உங்க சீட்டை இவனுக்குக் கொடுங்க. இவன் சைக்கிளை நீங்க ஓட்டுங்க."

இப்படித்தான் நடந்தது. அந்த ஆறடி மனிதர் எங்கள் யாத்திரை ஜீப்பில் ஆச்சிக்கும் ஒரு பெரியம்மாவுக்கும் நடுவில் முழங்காலை மடக்கிக்கொண்டு போனார். நான் அவருடைய ஹெல்மெட்டை, இன்னும் வியர்வை காயாத ஹெல்மெட்டை, நெற்றியில் திருமண்ணோடு மாட்டிக்கொண்டேன்.

வழிகாட்டி பொக்காராப் பையன், இருபத்தைந்து வயது இருக்கும். என்னை "தாஇ, தாஇ" என்று கூப்பிட்டான். நேபாளியில் அது அண்ணன். நமக்குக் காதில் அம்மா என்றுதான் விழுகிறது, கடைசி வரை பழகவே இல்லை. முதலில் டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, புஸ்ஸென்று காற்றை இறக்கினான். எனக்குப் பகீரென்றது. வீட்டில் நான் 60 பிஎஸ்ஐ அடிப்பவன், இவன் 25-க்குக் கொண்டுவந்துவிட்டான். டயர் கல்லின் மேல் பிதுங்கி உட்கார்ந்தால்தான் பிடி கிடைக்கும், டியூப் இல்லாத டயர் என்பதால் கல்லில் நசுங்கி டியூப் கிழிகிற பயமும் கிடையாது என்றான். அப்புறம் ஹேண்டில்பாரில் ஒரு பொத்தான். அழுத்தி உட்கார்ந்தால் சீட் கீழே இறங்கிவிடுகிறது, எழுந்து அழுத்தினால் மேலே வருகிறது. இதை மட்டும் ஒரு ஐந்து நிமிடம் சின்னப் பிள்ளை மாதிரி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். இறக்கத்தில் சீட்டில் உட்காராதே, இரண்டு பெடலும் சமமாக இருக்க நில்லு, கல்லைப் பார்க்காதே, கல்லைத் தாண்டிப் போக வேண்டிய இடத்தைப் பார், பிஸ்தாரை பிஸ்தாரை. மெதுவா மெதுவா என்று அர்த்தம்.

ஜோம்சோமுக்கு ஜீப் ரோட்டில் இறங்கினால் சுலபம். இவர்கள் போவது லூப்ரா என்கிற ஊர் வழியாக. முதலில் ஒரு முகட்டுக்கு ஏற வேண்டும், பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான். நாலு அடிக்கு ஒரு தடவை மூச்சு நின்று நின்று வந்தது. மேலே போய் நின்றால் ஒரு பக்கம் தவுளகிரி, இன்னொரு பக்கம் ஜோம்சோமுக்கு நேர் மேலே ஒரு பனிமலை, பெயர் கேட்டால் நீலகிரி என்கிறான். 7,061 மீட்டர். நம்ம நீலகிரியில் கோத்தகிரி வரை சைக்கிளில் ஏறினதையே நான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இறக்கம் ஆரம்பித்து முதல் பத்து நிமிடம் நன்றாகத்தான் போனது. சஸ்பென்ஷன் கல்லை எல்லாம் விழுங்குகிறது, நான் ஏதோ பிறந்ததிலிருந்து இதையே செய்பவன் போல முட்டியை மடக்கி நிற்கிறேன். ஒரு வளைவில் சரளை கொஞ்சம் நழுவியது. பயத்தில் கை தானாக இடது பிரேக்கைப் பிடித்தது. நம் ஊர்ப் பழக்கம் அதுதானே, இடது கை பின் சக்கரம், பதறினால் பின் பிரேக். அடுத்த நொடி நான் ஹேண்டில்பாருக்கு மேலே போய்க்கொண்டிருந்தேன். குப்புற விழுந்து, சரளையில் ஒரு மூன்று அடி வழுக்கி, ஒரு முள் புதரில் நின்றேன். புதருக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் நதி வெள்ளைக் கோடாகத் தெரிந்தது.

சேட்டன் ஓடி வந்து முதலில் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், தோள்பட்டையை அசைக்கச் சொன்னார், பெயர், கிழமை எல்லாம் கேட்டார். முழங்கையிலும் முட்டியிலும் தோல் போயிருந்தது, வேறு ஒன்றும் இல்லை. அப்புறம்தான் சைக்கிளைத் தூக்கி இடது பிரேக்கை ஒரு அழுத்து அழுத்தினார். முன் சக்கரம் நின்றது. தலையில் அடித்துக்கொண்டார். ஜெர்மனியில் இடது கைதான் முன் பிரேக். இவர்கள் அங்கிருந்து வண்டியை விமானத்தில் கொண்டுவந்தவர்கள். "நானும் போன முதல் வாரமே இப்படித்தான் விழுந்தேன் அண்ணாச்சி, உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை பாருங்க." ஒயர் பிரேக்காக இருந்தால் அங்கேயே மாற்றிப் பூட்டியிருக்கலாம், இது ஆயில் பிரேக், பாதை நடுவில் கழற்ற முடியாது. என் கையில் கோயிலில் கட்டின சிவப்புக் கயிறு இருந்தது. அதை அறுத்து இடது பிரேக் லீவரில் இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டார். "கயிறு இருக்கிற பக்கம் ஒரு விரல், மெதுவா." மிச்ச இறக்கம் முழுக்க நான் மலையைப் பார்க்கவில்லை, அந்தக் கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். பார்க்காதே என்று சொன்ன கல்லையும் பார்த்தேன். பல இடத்தில் இறங்கித் தள்ளினேன். கூட வந்த ஜெர்மன்காரப் பெண் ஒவ்வொரு வளைவிலும் எனக்காக நின்று, நான் வந்ததும் கட்டை விரலைக் காட்டிவிட்டுப் போவார். அது பாராட்டா பரிதாபமா என்று இன்று வரை தெரியாது.

லூப்ரா சின்ன ஊர், புத்த மதத்திலிருந்து வேறான 'போன்' (Bon) என்கிற மதத்தைக் கும்பிடுகிறவர்கள். மண் சுவர் வீடுகள், கூரை விளிம்பில் அடுக்கி வைத்த விறகு. டீ குடித்தோம். வழிகாட்டி மட்டும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். காலை எட்டுக்கே கிளம்பியிருக்க வேண்டியவர்கள், தலைவலியாலும் என்னாலும் மணி ஒன்றரை ஆகிவிட்டது. ஊருக்குக் கீழே ஆற்றுப் படுகையில் இறங்கி காளி கண்டகி ஆற்றுப் பக்கம் திரும்பினதும் காரணம் புரிந்தது. கன்னத்தில் அறைந்தது போல ஒரு காற்று.

எட்டாயிரம் மீட்டரைத் தாண்டின அன்னபூர்ணா ஒரு பக்கம், தவுளகிரி இன்னொரு பக்கம். நடுவில் அந்த ஒரு இடுக்கு. பகலில் வடக்கே திபெத் பக்கத்து மேட்டு நிலம் சூடேற ஏற, தெற்கேயிருந்து காற்று அந்த இடுக்கு வழியாகத்தான் மேலே இழுபடுகிறது. காலை பத்து பதினொன்றுக்கு மேல் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை ஓயாது. ஜோம்சோமுக்கு விமானம் காலையில் மட்டும் வருவதற்கு இதுதான் காரணம். நாங்கள் தெற்கே போகிறோம், காற்று நேர் எதிரே. மணலும் பொடிக்கல்லும் முகத்தில் அடிக்கிறது. அவ்வளவு நேரம் ஆடு மாதிரித் தாவி இறங்கின ஜெர்மன்காரர்கள் இரண்டு பேரும் பெரிய கியரில் நின்று மிதித்துப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார்கள்.

எனக்கோ ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. செங்கோட்டைக் கணவாயில் ஆனி, ஆடியில் மேல்காற்று இதே வேலையைத்தான் செய்யும், மலையில் அந்த ஒரு வாசல் வழியாக மொத்தக் காற்றும் வரும். சுரண்டைப் பக்கம் காற்றாலை சுற்றுவது அதில்தான். அந்தக் காற்றில் புளியரைக்கு மிதித்தவனுக்கு ஒன்று தெரியும். அதோடு மல்லுக்கு நிற்கக் கூடாது. கியரைக் கடைசிக்குக் குறைத்துவிட்டு, நாடி ஹேண்டில்பாரைத் தொடுகிற மாதிரிக் குனிந்து, காலைச் சும்மா சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காற்றும் மூச்சு விடும், அந்த இரண்டு நொடியில் கொஞ்சம் தள்ள வேண்டும். கரை ஓரமாகப் போனால் மண் திட்டு பாதிக் காற்றை வாங்கிக்கொள்ளும். நான் முன்னால் போய் எல்லாரையும் என் பின் சக்கரத்தை ஒட்டி வரச் சொன்னேன், சேட்டன் அதை ஜெர்மனில் கத்தினார். முன்னால் இருந்து இடம் கொடுக்கவே இல்லை, கொஞ்சம் வீம்பும் உண்டு. வழிகாட்டிப் பையன் பின்னாலிருந்து ஏதோ கத்திச் சிரித்தான். மூன்று, நாலு கிலோமீட்டர்தான் இருக்கும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பல்லுக்கு நடுவில் மணல்.

ஆற்றுப் படுகையில் சாளக்கிராமக் கல் தேட வேண்டும் என்று ஆச்சி சொல்லி அனுப்பியிருந்தார். அந்தக் காற்றில் கண்ணையே திறக்க முடியவில்லை, கல்லை எங்கே தேட.

ஜோம்சோம் லாட்ஜில் போய்ப் பார்த்தால் அந்த ஆறடி மனிதர் வெயில் படுகிற ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆச்சி கொண்டுவந்த உப்பு நார்த்தங்காயைச் சப்பிக்கொண்டிருக்கிறார். தலைவலி விட்டுவிட்டது. கீழே இறங்கினதால் விட்டது என்று நர்ஸ் சொன்னார், ஆச்சி ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வார்த்தை பொது மொழி கிடையாது, ஆனால் அவருடைய இரண்டு பிள்ளைகளின் போட்டோவையும் ஆச்சி பார்த்து முடித்திருந்தார். என் முட்டியைப் பார்த்ததும்தான் திட்டு ஆரம்பித்தது, அதைத் தமிழ் தெரியாதவர்களும் புரிந்துகொண்டு வெளியே போய்விட்டார்கள்.

புனலூர் சேட்டன் போன ஆடியில் லீவுக்கு வந்தபோது கொல்லம் ரயிலிலேயே செங்கோட்டைக்கு வந்து இறங்கினார். புளியரைக் காற்றில் மிதிக்க வைத்து, பிரானூர் பார்டரில் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். பில்லுக்கு இரண்டு பேரும் சண்டை போட்டு அவர் ஜெயித்துவிட்டார். என் நண்பன் சைக்கிளைக் கொடுத்தபோது ஏறுவதற்கு முன்னால் வண்டியை உருட்டி, ஒவ்வொரு பிரேக்காகப் பிடித்து, எந்தச் சக்கரம் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஏறினார். இப்போது நானும் யார் வண்டியை வாங்கினாலும் அப்படித்தான்.

அந்த ஆறடிக்காரர் வருகிற ஜனவரியில் கேரளா வருகிறாராம், ஆச்சியைப் பார்க்க வேண்டுமாம், நார்த்தங்காய் வேறு வேண்டுமாம். சிவப்புக் கயிறு இன்னும் அவர் லீவரில்தான் இருக்கிறது, போட்டோ அனுப்பினார். இந்தத் தடவை வண்டி கொண்டுவரவில்லை. அந்த உயரத்துக்குச் சரியாக இருக்கிற எக்ஸ்எல் சைஸ் வண்டி தென்காசி, ராஜபாளையம் பக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், இரண்டு நாளைக்குப் போதும். பிரேக் எந்தக் கையில் இருந்தாலும் பரவாயில்லை, வேறு ஒரு கயிறு என்னிடம் இருக்கிறது.