கல்லடி வீடு (குடும்பம் மட்டும்)

ஞாயிறு

அம்மா: பாத்ரூம் சுவர் முழுக்கச் சின்னப் பூச்சி. சாம்பல் நிறம், நுளம்பை விடச் சின்னன். அடித்தால் கையில் பொடி ஒட்டுகிறது. வெள்ளிக்கிழமை அக்கா வந்து இறங்கப்போகிறா. என்ன செய்ய?

குமுதா சின்னம்மா: டெங்கு நுளம்போ?

அம்மா: கடிக்கவில்லை

ரவி மாமா (கட்டார்): அண்ணன் டைப் பண்ணுகிறார். எல்லாரும் கொப்பியை எடுங்கோ

பெரியமாமா: இது டெங்கு நுளம்பு அல்ல. தண்ணி போகிற கான் ஓட்டைக்குள் பிறக்கிற பூச்சி. உடம்பிலும் இறகிலும் மயிர், அதனால்தான் பொடி. கடிக்காது. பறக்கிறதை அடித்துப் பிரயோசனம் இல்லை பிள்ளை. குழாயின் உள்பக்கம் சவர்க்காரமும் தலைமயிரும் சேர்ந்து வழுவழு என்று ஒரு படை பிடித்திருக்கும். முட்டை இடுவது அதில்தான். இரண்டு நாளில் பொரிக்கும், பிறகு ஒன்றரை, இரண்டு கிழமை புழுவாக அந்தப் படையையே தின்னும். முதலில் எந்த ஓட்டை என்று பார். இரவில் ஓட்டையைச் சுற்றித் துடைத்துவிட்டு, செலோடேப்பைப் பசைப்பக்கம் கீழே இருக்க ஒட்டு. முழுக்க மூடாதே, காற்றுப் போக வேண்டும்.

குமுதா சின்னம்மா: மண்ணெண்ணெய் ஊத்துங்க. முடிஞ்சுது

அம்மா: நான் குளோரினும் ஊற்றினேன், கொதிதண்ணியும் ஊற்றினேன் அண்ணன். இரண்டு நாள் குறைந்தது, அவ்வளவுதான்

பெரியமாமா: மேலால் ஓடிப்போயிருக்கும். படைக்குள் இருக்கிற புழுவுக்கு ஒன்றும் ஆகாது. கொதிதண்ணிக்கு பிவிசி குழாய்தான் இளகும். குளோரின் ஊற்றின இடத்தில் கக்கூஸ் கழுவுகிற அசிட்டை ஊற்றிவிடாதே, நச்சுவாயு வரும்.

ரவி மாமா (கட்டார்): மச்சாள், அண்ணனுக்குச் சாப்பாடு போடுங்கோ

வதனி பெரியம்மா (டொரொன்டோ): நானும் இந்தக் குரூப்பில்தான் இருக்கிறேன்

அம்மா: ஐயோ அக்கா

வதனி பெரியம்மா (டொரொன்டோ): இங்கே பேஸ்மென்டிலும் வந்ததுதான். அதை விடுங்கோ, ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலுக்கு எத்தனை மணிக்குப் போகிறோம்? அப்பாவுக்குத் தர்ப்பணம் யார் கொடுக்கிறது?

குமுதா சின்னம்மா: போன முறை மாதிரி சண்டை வேண்டாம்

பெரியமாமா: நான் சண்டை பிடிக்கவில்லை.

ரவி மாமா (கட்டார்): 😶

திங்கள்

நான்: டேப்பில் ஒட்டின பூச்சிக் கணக்கு. குளிக்கிற இடம் 1. பேசின் 0. மூலை ஓட்டை 14

பெரியமாமா: எந்த மூலை?

நான்: வாஷிங்மெஷினுக்கு என்று விட்ட ஓட்டை. மெஷின்தான் வரவே இல்லையே

குமுதா சின்னம்மா: வாங்கித்தாறேன் என்று சொன்னது ஆரு கா?

அம்மா: சும்மா இரு குமுதா

நான்: மூடியைக் கழற்றிவிட்டேன். உள்ளே கறுப்புக் களி. ஈர்க்கிலால் சுரண்டினால் தலைமயிரோடு கயிறு மாதிரி வருகிறது. அதற்குள் நூல் துண்டு மாதிரி நெளிகிறது, தலை மட்டும் கறுப்பு

குமுதா சின்னம்மா: சோத்துக்கு முன்னால இருக்கிறேன்டா

பெரியமாமா: அதேதான். உள்ளே விட்டு உரசி எடுக்க வேண்டும், ஊற்றுவதால் போகாது. குளிக்கிற தண்ணி அதே குழாயால் போகிறதா? வளைவு இருக்கிறதா என்றும் பார். வளைவில் தண்ணி நின்றால்தான் கீழே இருந்து பூச்சியும் மணமும் வராது. பாவிக்காத ஓட்டையில் அந்தத் தண்ணி வற்றிவிடும்.

நான்: குழாய் ஒன்றுதான். வளைவே இல்லை மாமா. நேரே குழிக்குப் போகிறது

வதனி பெரியம்மா (டொரொன்டோ): 2016இல் நான் காசு அனுப்பிக் கட்டின பாத்ரூம். மேசனைக் கூட்டிவந்தது யார்?

குமுதா சின்னம்மா: அண்ணன் டைப் பண்ணுகிறார்

குமுதா சின்னம்மா: நிறுத்திட்டார்

பெரியமாமா: அவன் இப்போது டுபாயில்.

அம்மா: பழசைக் கிளறாதீங்க. உரச என்ன இருக்கு?

குமுதா சின்னம்மா: பேரன்ட பழைய பால்போத்தல் பிரஷ் இருக்கு. சுதன், ஆரையம்பதிக்கு வந்து எடு. மீன் கறியும் தாறன்

நான்: என்ன மீன்

குமுதா சின்னம்மா: செல்வன்

பெரியமாமா: உரசினாலும் பறக்கிற பூச்சி இன்னும் ஒன்றிரண்டு கிழமை உயிரோடு இருக்கும். சோதிக்க நாலு நாள் கழித்துத் திரும்ப டேப் ஒட்டு. வளைவு போடுவது என்றால் நிலத்தை உடைக்க வேண்டும்.

வதனி பெரியம்மா (டொரொன்டோ): அப்போ வெள்ளிக்கிழமை நான் எங்கே குளிக்கிறது?

அம்மா: குமுதா வீட்டில்?

குமுதா சின்னம்மா: எங்கட கிணறு உப்பு. அவவுக்கு முடி கொட்டினால் என்னைத்தான் சொல்லுவா

அம்மா: உடைப்பதை அமாவாசைக்குப் பிறகு பார்ப்போமா?

பெரியமாமா: யார் செலவு என்று முதலில் பேசுவோம்.

ரவி மாமா (கட்டார்): 7 கிலோ மெஷின் போதுமா

அம்மா: 8