‘ரோங்ஃபுல் கன்விக்சன்’: தமிழில் என்ன போடலாம்?

கல்லடியிலிருந்து:
எல்லோருக்கும் வணக்கம். சட்ட உதவிப் பயிற்சிக்கான கையேடொன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். அதில் ஓர் அத்தியாயம் அமெரிக்க நீதித் திணைக்களம் கொடுக்கும் நிதியைப் பற்றியது. குற்றம் செய்யாதவர்கள் குற்றவாளிகளாக்கப்பட்ட வழக்குகளைத் திரும்ப எடுத்துப் பார்க்கவும், இனி அப்படி நடக்காமல் தடுக்கவும் அந்தப் பணம் போகிறது. உதாரணத்துக்குக் கேர்க் பிளட்ஸ்வேர்த் என்பவர் வருகிறார். ஐந்து பேர் சாட்சி சொல்லி, 1985இல் மேரிலாந்தில் மரண தண்டனை பெற்றவர். 1993இல் மரபணுச் சோதனை அவரை வெளியே கொண்டுவந்தது. அந்தச் சோதனைகளுக்குப் பணம் கொடுக்கும் திட்டத்துக்கு 2004ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். இப்படிக் குற்றம் செய்யாதவரைக் குற்றவாளியாக்குவதைத்தான் ‘ரோங்ஃபுல் கன்விக்சன்’ என்கிறார்கள். இப்போதைக்குத் ‘தவறான தண்டனை’ என்று எழுதியிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து:
தங்கச்சி, தண்டனை வேறு, குற்றத்தீர்ப்பு வேறு. ‘தவறான தண்டனை’ என்றால் இரண்டு வருடம் கொடுக்க வேண்டியவனுக்கு ஐந்து வருடம் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எங்கள் கனிஷ்ட சட்டத்தரணிகள் விளங்கிக்கொள்வார்கள். ‘தவறான குற்றத்தீர்ப்பு’ என்று போடுங்கள், வேலை முடிந்தது.

ஆரையம்பதியிலிருந்து:
வேலை அவ்வளவு இலகுவில் முடியாது தம்பி. வைகாசியில் கண்ணகியின் கோபம் தணிய ஊர் ஊராகக் குளிர்த்தி பாடுகிறவர்கள் நாங்கள். பாண்டியன் சபையில் அவள் வாயிலிருந்து வந்த முதல் சொல்லே ‘தேரா மன்னா’ என்பதுதான். ஆராயாமல் தீர்ப்பளித்தவனுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா? குறளிலும் செங்கோன்மையின் முதற்பாட்டு ‘தேர்ந்துசெய் வஃதே முறை’ என்று முடிகிறது. ஆகவே ‘தேராத் தீர்ப்பு’. தெரி, தேர், தேறு, தெளி நான்கும் ஒரே வேர் என்பது என் துணிபு. அதை விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
சேர், குறை நினைக்க வேண்டாம். வகுப்பில் ‘தேராத் தீர்ப்பு’ என்று சொன்னால் கொக்கட்டிச்சோலைத் தேரா என்று கேட்பார்கள். கரும்பலகையில் எழுதினால் றகரம் போட்டு, சோதனையில் தேறாத தீர்ப்பாக்கிவிடுவார்கள். ‘நிரபராதி’ எல்லோருக்கும் தெரிந்த சொல். ‘நிரபராதிக்கு எதிரான தீர்ப்பு’ என்றால் என்ன குறை?

காரைதீவிலிருந்து:
வடசொல் என்பதுதான் குறை. 1930களில் சென்னையில் கலைச்சொல் குழுவுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன், என்னால் ‘நிரபராதி’க்குக் கைதூக்க முடியாது. ‘அரசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று’ என்பது சிலம்பின் பதிகம். அதை வைத்துப் ‘பிழைத்த தீர்ப்பு’ என்போம்.

அக்கரைப்பற்றிலிருந்து:
அண்ணன், ‘பிழைத்த தீர்ப்பு’ என்றால் மேன்முறையீட்டில் தப்பிப் பிழைத்த தீர்ப்பு என்றல்லவா ஆகிறது!
‘தேரா’ மீது எனக்கு இருக்கும் மறுப்பு வேறு. அது முழுப் பழியையும் நீதிபதி தலையில் போடுகிறது. பிளட்ஸ்வேர்த் வழக்கில் சாட்சிகளைக் கூப்பிட்டு விசாரித்துத்தானே முடிவெடுத்தார்கள்? முன்னால் வைக்கப்பட்ட சாட்சியம்தான் பிழை. நம்முடைய இலங்கையையே பாருங்கள். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி பொலிஸிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் செல்லாது. ஆனால் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்தால் செல்லும் என்கிறது. அது வற்புறுத்தலால் வந்தது என்று காட்டும் பொறுப்பும் குற்றஞ்சாட்டப்பட்ட எதிரியின் தலையில். அந்தக் கடதாசியை எழுத்தெழுத்தாக வாசித்துத் தேர்ந்து தீர்ப்பளித்தாலும் அப்பாவி உள்ளே போகலாம். தடுப்பதற்கென்று பணம் ஒதுக்குவதும் அதனால்தான்: அடையாள அணிவகுப்பை ஒழுங்காக நடத்த, வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்ய.

ஆரையம்பதியிலிருந்து:
தவறான சாட்சியத்தைத் தவறென்று காண்பதும் தேர்ந்து பார்ப்பதுதான். பொற்கொல்லன் சொன்னதைப் பாண்டியனும் கேட்டுத்தான் இருந்தான்.

கல்லடியிலிருந்து:
சேர், அக்கரைப்பற்றுக் காக்கா, இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். இன்னும் இரண்டு இருக்கின்றன. 2007இல் அமெரிக்காவின் டலஸ் மாவட்ட வழக்குத்தொடுநர் அலுவலகமே தன் பழைய வழக்குகளைக் கிண்ட ஒரு பிரிவு தொடங்கியது. ‘கன்விக்சன் இன்டெக்ரிட்டி யூனிட்’ என்பதை ‘நேர்மைப் பிரிவு’ என்றால் மற்றப் பிரிவுகளில் நேர்மை இல்லையா என்பார்கள். அடுத்தது ‘கிராண்ட்’. மானியமா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
மானியம் என்றால் இங்கே வயல்காரர் உரத்துக்கு வரிசையில் வந்து நிற்பார். நிதியுதவி போதும். பிரிவுக்குக் ‘குற்றத்தீர்ப்பு மீளாய்வுப் பிரிவு’.

அக்கரைப்பற்றிலிருந்து:
மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும் ‘மீளாய்வு மனு’வோடு குழம்பும். ‘மீள்பரிசோதனைப் பிரிவு’ நல்லது.

கல்லடியிலிருந்து:
சரி, அச்சகம் காத்திருக்கிறது. ‘பிழையான குற்றத்தீர்ப்பு’, ‘மீள்பரிசோதனைப் பிரிவு’, ‘நிதியுதவி’ என்று போடுகிறேன். காரைதீவு அண்ணனுக்காகப் ‘பிழை’ நிற்கிறது. குற்றமற்றவர் என்று பின்னர் அறிவிப்பதைக் குறிக்கும் ‘எக்சோனரேஷன்’ மட்டும் பாக்கி. விடுதலை என்றால் சிறைக் கதவு திறந்தது மட்டும்தான் தெரிகிறது, அதனால் ‘பழிநீக்கம்’ என்று எழுதிவிட்டேன்.

ஆரையம்பதியிலிருந்து:
பெரும்பான்மைக்கு நான் கட்டுப்பட்டவன் அல்ல. என் மாணவர்கள் ‘தேராத் தீர்ப்பு’ என்றே எழுதுவார்கள். ‘பழிநீக்கம்’ அச்சுக்குப் போய்விட்டதா? பழி இருந்தால்தானே நீக்குவதற்கு?